மண்டப வாயிலில் நின்ற தாயர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புறநானூற்றில் கல்விச் சிந்தனை' என்னும் பொருளில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டிருந்தார்கள். அது எனக்குக் கடினமான தலைப்பன்று. வகுப்பறையில் ஆண்டுதோறும் பேசி வருவதுதான். ஆயினும் உரையை எழுத அமர்ந்தபோது ஒரு பாட்டு என்னை மேலே எழுத விடாமல் மறித்தது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய 183ஆம் பாட்டு. ஆசிரியர்க்கு உதவியும் பொருள் வழங்கியும் பணிந்து நின்றும் கல்வி கற்றல் நன்று எனத் தொடங்கும் அம்மன்னன், ஒரே வயிற்றில் பிறந்த மக்களிடத்தும் கல்வியின் ஏற்றத்தாழ்வால் தாயின் உள்ளம் வேறுபடும் என்று கூறிச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். பதினைந்து ஆண்டுகளாக இதனைக் கல்வியின் பெருமை பேசும் பாட்டாகவே கற்பித்து வந்தேன். 2022ஆம் ஆண்டில் என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றன் பின்னர் அவ்வாறு கற்பிக்க என்னால் இயலவில்லை. எனவே, நம் நாட்டின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியும், அதனை எழுதாமலே எழுதுகின்ற பெற்றோரைப் பற்றியும் பேச உங்கள் இசைவை வேண்டுகிறேன். செயலாளர் பொறுத்தருள்வாராக.

இப்பரீட்சை தீய நோக்குடன் பிறந்ததன்று. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெயரோடு இலவசக் கல்வியும் மத்திய கல்லூரிகளும் இணைத்துப் பேசப்படுகின்றன. நகரத்துப் பெரும் பாடசாலைகளின் வாயிலைக் காணவும் வகையற்றிருந்த கிராமத்துப் பிள்ளைகளுள் ஆற்றலுடையோரைத் தெரிந்து, விடுதியும் உணவும் தந்து படிக்கவைக்க 1940களில் கண்ட வழியே இது. வறிய பிள்ளைக்கு உதவித்தொகை, திறமையுள்ள பிள்ளைக்கு நல்ல பாடசாலை என அதற்கு இரு நோக்கங்கள் உண்டு. காலப்போக்கில் முதல் நோக்கம் மெலிந்தது, இரண்டாவது பெருத்தது. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் 200 புள்ளிகளுக்காக இரண்டு வினாத்தாள்களின் முன் அமர்கின்றனர். அவர்களுள் சிறு பகுதியினரே வெட்டுப்புள்ளியைக் கடக்கின்றனர். அவ்வெட்டுப்புள்ளியும் மொழிக்கு மொழி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பெயர்பெற்ற பாடசாலைகளோ அதற்கும் மேலே தமக்கென வேறு புள்ளியை வைத்திருக்கின்றன. வெட்டுப்புள்ளி என்ற சொல்லை யார் ஆக்கினார்களோ அறியேன். அதனை ஆக்கியவரிடம் ஒரு கவிஞர் ஒளிந்திருந்தார் என்பது என் எண்ணம்.

பெற்றோர் ஏன் இதற்காக இத்துணை அல்லற்படுகின்றனர் என்று வசதியுடையோர் வினவுவர். முதலாம் தரத்திற்கு அனுமதி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நோக்கினால் விடை தெளிவாகும். பெயர்பெற்ற பாடசாலைகளின் இடங்களில் பாதி அயலில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு. காற்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. எஞ்சியவற்றில் பெரும்பகுதி அங்கே ஏற்கெனவே படிப்போரின் தம்பி தங்கையருக்கு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்கின்றவருக்குப் பாடசாலையின் அயலில் வீடு ஏது? அவர் எந்தப் பாடசாலையின் பழைய மாணவர்? முதலாம் தரத்தில் அடைபட்ட கதவு ஆறாம் தரத்தில் ஒருமுறை திறக்கின்றது. அத்திறவுகோல் இப்பரீட்சை ஒன்றே. ஆதலால், இதனை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் அதனோடு என் குரலைச் சேர்க்க என் நா எழுவதில்லை. கதவு நெடுகத் திறந்திருக்கும் நாள் வரட்டும். அன்று திறவுகோலை எறிந்துவிடலாம்.

நான் அக்கதவின் வழியே வந்தவள். 1991ஆம் ஆண்டு, ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து அப்பரீட்சையை எழுதினேன். தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தாயார் கொழுந்து பறிப்பவர். பரீட்சை நிலையம் நகரத்தில் இருந்தது. அம்மா அன்றைக்குப் பேரை விட்டுவிட்டு என்னுடன் வந்தார். ஒருநாட் பேர் போவதென்பது என்னவென்று இச்சபையில் பலர் அறிவர். விடிவதற்கு முன் மலையிறங்கி நடந்து, பேருந்து பிடித்து, பாதணியை நகரத்து எல்லையில் அணிந்துகொண்டு போனோம். மண்டபத்துக்குள் நான் போன பின் அவர் எங்கே இருந்தார், என்ன உண்டார், எவருடன் பேசினார் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. பரீட்சை எழுதியவள் நான்தானே என்றிருந்தேன். பெறுபேறு வந்தபோது தலைமையாசிரியர் ஆளனுப்பினார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையோடு வரிசையில் நின்ற அம்மாவுக்கு அச்செய்தி கிடைத்தது. 1992 தையில் விடுதிப் பாடசாலை ஒன்றுக்குப் போனேன். அன்று தொடங்கிய நடை முனைவர் பட்டம் வரை வந்தது. என் கதையை மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பலமுறை கைதட்டலும் பெற்றிருக்கிறேன். அக்கதையில் நான் சொல்லாமல் விட்ட ஒருவர் இருக்கிறார். அவரிடம் பின்னர் வருகிறேன்.

பின்பு நானும் மண்டப வாயிலில் நின்றேன். 2018ஆம் ஆண்டில் என் மூத்த மகள் எழுதினாள்.

பொன்முடியார் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 312ஆவதாக உள்ளது. பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோன் ஆக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நல்லொழுக்கம் நல்குவது வேந்தனுக்கு, களம் புகுந்து களிற்றை வீழ்த்தி மீள்வது மகனுக்கு என ஐவருக்குக் கடமையைப் பகிர்ந்து கொடுத்தவர் அவர். அந்த ஓராண்டில் நான் கண்டது, ஐவர் கடமையும் ஒருத்தி தலையில் வந்து இறங்கியதையே. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து கடந்தகால வினாத்தாளை எடுத்து வைப்பவளும் தாய். பென்சில்களைக் கூர்தீட்டி வரிசைப்படுத்துபவளும் தாய். கொல்லன் வேலையும் அவளுக்கே வந்துவிட்டது. என் கணவர் நல்லவர். எங்களை ஆட்டோவில் ஏற்றி இறக்கினார். வேந்தனோ வெட்டுப்புள்ளியை மட்டும் நல்கினான்.

வார இறுதிகளில் கருத்தரங்கு என்ற பெயரில் மண்டபங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அமர்த்தி ஒலிபெருக்கியில் வினாக்களை விளக்குவார்கள். பிள்ளைகள் உள்ளே, தாய்மார் வெளியே மதிலோரத்தில் குடைபிடித்து நிற்போம். அங்கே உருவான நட்புகள் விசித்திரமானவை. ஒருவருக்கொருவர் பிள்ளையின் பெயரை மறந்துபோவோம். போன வாரப் புள்ளியை மறக்கமாட்டோம். "உங்கட மகளுக்கு எத்தனை?" என்பதே முகமன். தனது பிள்ளைக்கு 168 என்று சொன்னவரைச் சூழ ஒரு சிறு வட்டம் கூடும். 120 என்று சொன்னவர் சற்று ஒதுங்கி, பையில் எதையோ தேடுவார். பரீட்சைக்கு முந்திய சில நாள்களில் வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்கின்றது. அத்தடை தொடங்கும் நள்ளிரவு வரை வகுப்பு வைத்த ஆசிரியரையும் அறிவேன். அவரிடம் பிள்ளையை அனுப்பியவர்களுள் நானும் ஒருத்தி.

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மகள் ஒருநாள் 'கடற்கரைக் காட்சி' என்ற கட்டுரையை மனனஞ் செய்துகொண்டிருந்தாள். மாதிரிக் கட்டுரை நூலொன்றில் இருந்தது அது. அதில் அலைமகள் கரையோடு கொஞ்சினாள், கதிரவன் செம்பொன் தட்டாக மூழ்கினான், தென்றல் தாலாட்டியது. மலைநாட்டில் பிறந்து வளர்ந்த என் மகள் அதுவரை இருமுறையே கடலைக் கண்டிருந்தாள். "அம்மா, அலை என் செருப்பைத்தான் இழுத்துக்கொண்டு போனது, கொஞ்சவில்லையே" என்றாள். செருப்பை இழுத்துச் சென்ற அலை எத்துணை நல்ல தொடக்கம்! தமிழில் முனைவர் பட்டம் பெற்ற நான் அவளுக்குச் சொன்ன மறுமொழி: "கொஞ்சியது என்றே எழுது. புள்ளி கிடைக்கும்." நம் கவியரங்குகளில் தேய்ந்த உவமைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று எவருக்காவது ஐயமிருந்தால், அவை ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளின் கொப்பிகளில் பத்திரமாக உள்ளன என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மகள் வெட்டுப்புள்ளியைக் கடந்தாள். நாங்கள் விரும்பிய பாடசாலை கிடைத்தது. மாலை, பதாகை, உறவினர் வாழ்த்து எல்லாம் வந்தன. பாடசாலை மதிலில் தொங்கிய பதாகையில் என் மகளின் படத்தைக் கண்டு ஒருகணம் பூரித்துப்போனேன். அப்பதாகையில் இடம்பெறாத வகுப்புத் தோழியர் அதன் கீழாகத்தான் தினமும் உள்ளே சென்றார்கள் என்பதை அப்போது நான் எண்ணவில்லை.

இளையவன் முறை வந்தபோது கொவிட் தொற்று நாட்டை மூடியிருந்தது. 2021ஆம் ஆண்டுப் பரீட்சை பிற்போடப்பட்டு 2022 ஜனவரி 22ஆம் நாள் நடைபெற்றது. தோட்டங்களில் அலைபேசிச் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கும் பாறைமேலும் ஏறிய காலம் அது. ஒரு கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளை நான் நேரில் அறிவேன். எங்கள் வீட்டில் அவ்விடர் இருக்கவில்லை. இணைப்பு இருந்தது, மேசை இருந்தது, தாயும் தந்தையும் வீட்டிலேயே இருந்தனர். மகன்தான் திரையின் முன் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெறுபேறு வந்த நேரத்தில் மின்வெட்டு. கைபேசியின் ஒளியில் சுட்டெண்ணைப் பதிந்து நால்வரும் காத்திருந்தோம். மூன்று புள்ளி குறைவு.

அவன் அழவில்லை. "மூன்றுதானே அம்மா" என்றான். நான் எழுந்து சமையலறைக்குச் சென்றேன். அன்றிரவு நான் அவனைக் கடிந்து பேசவில்லை. அடிக்கவுமில்லை. அதனால் நான் நல்ல தாய் என்றே நம்பியிருந்தேன். அடுத்து வந்த வாரங்களில் நடந்தவற்றைச் சொல்கிறேன். உறவினர் தொலைபேசியில் கேட்டபோது, பரீட்சையன்று அவனுக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இருக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மேன்முறையீட்டு விண்ணப்பத்தோடு ஒரு பாடசாலையின் வாயிலில் காலை ஆறு மணிக்குப் போய் நின்றேன். எனக்கு முன்னே நாற்பது பேராவது நின்றனர். அவர்களுள் ஒருவர் மகனின் நீச்சற் சான்றிதழ்களை நெகிழியுறையில் இட்டு நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். உள்ளேயிருந்து வந்த ஊழியர் விண்ணப்பங்களைப் பெட்டியொன்றில் இடச் சொன்னார். மறுமொழி வரவேயில்லை. பிறகொரு திருமண வீட்டில் பழைய தோழியிடம் பிள்ளைகளை அறிமுகஞ் செய்தேன். மகளின் பெயரைச் சொன்னேன், பாடசாலையின் பெயரைச் சொன்னேன், வகுப்பைச் சொன்னேன். மகனைக் காட்டி "இது இளையவர்" என்றேன். அவ்வளவுதான். அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

அன்பர்களே, நெடுஞ்செழியன் பாட்டின் பொருள் எனக்கு அந்தத் திருமண வீட்டில் விளங்கியது. தாயின் உள்ளம் வேறுபடும் என்பதை உரைகாரர் வழிநின்று உலகியல் கூறும் கூற்றென்று சொல்லிவந்தேன். உலகியல் என்னும் சொல் எத்துணை வசதியானது! அதில் எவர் பெயரும் இல்லை.

இடையில் ஒரு செய்தி. 2024 செப்டம்பர் 15ஆம் நாள் நடந்த பரீட்சையின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியாயின என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மறுபரீட்சை வேண்டுமென்று பெற்றோரில் ஒரு சாரார் வீதியில் இறங்கினர். பிள்ளைகளை மீண்டும் வதைக்காதீர் என்றனர் மறுசாரார். விடயம் உயர் நீதிமன்றம் சென்றது. வெளியான மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குவதென்று அவ்வாண்டின் இறுதி நாளில் முடிவாயிற்று. பத்து வயதுப் பிள்ளைகளின் மூன்று வினாக்களுக்காக நாட்டின் அதியுயர் மன்று கூடியது. சிலர் அதைக் கேட்டுச் சிரித்தனர். மூன்று புள்ளியின் நிறை இன்னதென்று அறிந்திருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருமணத்துக்குப் பின்னர் வந்த வாரத்தில் அப்பாட்டைப் பாடஞ் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கம்போல் சொல்லி முடித்தேன். தோட்டப்புறத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி பின்வரிசையிலிருந்து எழுந்து, "அந்தப் படிக்காத மகன் என்ன நினைத்திருப்பான் மிஸ்?" என்று கேட்டாள். அதற்கு உரையாசிரியர் எவரும் உரை வகுக்கவில்லை. மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன்.

சொல்லாமல் விட்ட ஒருவர் உண்டென்றேனே, அவர் என் அண்ணன். என்னிலும் நான்கு வயது மூத்தவர். 1987ஆம் ஆண்டில் அவரும் இதே பரீட்சையை எழுதினார், சித்தியடையவில்லை. நான் விடுதிக்குப் போன அதே ஆண்டில் அவர் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். என் விடுதிச் செலவுக்கு மாதந்தோறும் வந்த காசுக்கட்டளையில் அவர் பங்கும் இருந்தது. மேடைகளில் என் பெற்றோரின் தியாகத்தைப் பேசியிருக்கிறேன். அண்ணனைப் பேசியதில்லை. அவர் பெயரைச் சொன்னால் கதையின் அழகு குலையும் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வார இறுதியில் அம்மாவிடம் போனேன். இப்போது அவருக்கு எழுபதைக் கடந்த வயது. ஓய்வு பெற்றும் லயத்தை விட்டு வர மறுக்கிறார். புறநானூறெல்லாம் அவருக்குத் தெரியாது. நானும் அதைச் சொல்லவில்லை. "அம்மா, நான் பாஸ் பண்ணினப்ப உங்களுக்கு அண்ணன் மேல மனசு மாறிச்சா?" என்று மட்டும் கேட்டேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

"பாஸ் பண்ணினதுக்குப் பெறகு இல்ல," என்றார். "நீ பரீட்சைக்குப் போன காலையில வீட்டுல ஒத்த முட்டதான் இருந்திச்சி. அவனும் பக்கத்துலதான் குந்தியிருந்தான். ஒனக்கு அவிச்சேன்."

கவிஞர் பெருமக்களே, நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளில் கொழுந்துக் கூடையைப் பாடியிருக்கிறீர்கள், அட்டையைப் பாடியிருக்கிறீர்கள், பனியையும் லயத்தையும் பாடியிருக்கிறீர்கள். பரீட்சை மண்டபத்து வாயிலில் நின்ற தாயைப் பாடி நான் கேட்டதில்லை. பாடுவதாயின் அந்த முட்டையையும் சேர்த்துப் பாடுங்கள். அடுப்பங்கரையில் குந்தியிருந்த பையனையும் விட்டுவிடாதீர்கள். அலை கொஞ்ச வேண்டாம்.

வீடு திரும்பிய இரவு அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இப்போது வத்தளையில் சிறு கடையொன்று வைத்திருக்கிறார். பிள்ளைகள், வியாபாரம், விலைவாசி என்று பேச்சு வழக்கம்போல் போயிற்று. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் கேட்டிராததை அன்று கேட்டேன். அந்தப் பரீட்சையில் எத்தனை புள்ளியால் தவறியது என்று. கடையில் யாருக்கோ மிச்சக்காசு கொடுத்துக்கொண்டிருந்தவர், எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னார்: "ஒம்பது."